நோக்கம்: சும்மா நடக்க

பத்தொன்பது வருடமாக அடுத்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறேன். ராமநாதபுரத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை, வாசலில் ஒரு மேசை, ஒரு ஸ்டூல். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை, தொலைந்த பத்திரத்துக்கு நகல் என்று எதுவானாலும் ‘பொருள்’ தொடங்கி ‘தங்கள் உண்மையுள்ள’ வரை ஏழு நிமிடத்தில் முடித்துவிடுவேன். நான் எழுதிய மனு திரும்பி வந்ததாகக் கடைத்தெருவில் பேச்சே கிடையாது. அந்தக் கர்வத்தை ஒரே ஒரு மனு உடைத்தது. அது எனக்காக நானே எழுதிக்கொண்ட மனு.

எல்லாம் அக்கா மகனால் வந்தது. கலிஃபோர்னியாவில் இருக்கிறான். அங்கே ஜான் மியூர் தடம் என்று ஒரு மலைப்பாதை, 211 மைல். நம் கணக்கில் 340 கிலோமீட்டர் சொச்சம். யோசெமிட்டியில் ஆரம்பித்து விட்னி மலை உச்சியில் முடிகிறது. அதை மூன்று வாரத்தில் நடந்து முடித்துவிட்டுப் போன் போட்டான். நடந்த கதையை விட அனுமதி வாங்கிய கதையைத்தான் அதிக நேரம் சொன்னான். புறப்படும் நாளுக்கு 24 வாரம் முன்பே குலுக்கலில் பெயர் போட வேண்டுமாம். எந்த வாசலில் நுழைகிறாய், எந்தத் தேதி, எத்தனை பேர் என்று எல்லாம் முன்கூட்டியே எழுத வேண்டும். கிடைத்த அனுமதியை விற்கக் கூடாது, இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. சாப்பாட்டையெல்லாம் கரடி திறக்க முடியாத கெட்டி பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துத் தூக்க வேண்டும். விட்னி பக்கம் வந்துவிட்டால் வெளிக்குப் போனதைக்கூடப் பையில் கட்டிக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும். “மாமா, இதை மட்டும் அம்மாகிட்ட சொல்லிராதீங்க” என்றான். அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன்.

அன்று ராத்திரி படுத்தபடி யோசித்தேன். எனக்கு நாற்பத்தெட்டு வயது. பிறந்ததிலிருந்து கடல் பக்கத்திலேயே இருக்கிறேன். நம் மாவட்டத்துக் கடற்கரை 230 கிலோமீட்டருக்கு மேல் என்று எத்தனையோ மனுவில் எழுதியிருக்கிறேன். அதில் ஒரு பத்து கிலோமீட்டரைச் சேர்ந்தாற்போல் நடந்ததில்லை. கடலோர ஊரான வாலிநோக்கத்தில் ஆரம்பித்து, தனுஷ்கோடிக்கு அப்பால் கரை முடிகிற அரிச்சல்முனை வரை நடப்பது, நடுவில் ஒரு ராத்திரி ஏதாவது ஒரு தீவில் படுப்பது என்று தீர்மானம் செய்தேன். தீவில் படுக்கிற ஆசை சின்ன வயதிலிருந்தே உண்டு. கீழக்கரைக் கரையில் நின்றால் தூரத்தில் பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு பச்சைக் கோடு தெரியும். அதைக் காட்டி ‘அப்பா தீவு’ என்று அப்பா சொன்னபோது, அது எங்கள் அப்பாவுடைய தீவு என்றே ரொம்ப நாள் நம்பியிருந்தேன்.

சரி, மனுவுக்கு வருவோம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள். உள்ளே கால் வைக்க 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். எந்தெந்தக் காரணத்துக்கு அனுமதி தரலாம் என்று அந்தச் சட்டத்திலேயே ஒரு பட்டியல் இருக்கிறது: வன உயிர்களைப் பற்றிய ஆய்வு, படம் எடுத்தல், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, அங்கே குடியிருப்பவரோடு சட்டப்படியான ஏதாவது வேலை. நான் மனுவில் ‘நோக்கம்’ என்ற இடத்தில் ‘கடற்கரை நெடுநடைப் பயணம், தீவில் ஓர் இரவு தங்குதல்’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தேன்.

வனத்துறை அலுவலகத்தில் அதை வாங்கிப் பார்த்தவர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். சிவப்புப் பேனாவை எடுத்து ‘இரவு’ என்ற சொல்லின் கீழே ஒரு கோடு போட்டார்.

“நடைப் பயணம்னா எங்க சார் நடப்பீங்க? தீவுலயா?”

“இல்ல சார், கரையில.”

“அப்ப தீவு எதுக்கு?”

“படுக்க.”

சொல்லும்போதே எனக்குக் கேவலமாக இருந்தது. கடைக்கு வருகிறவர்களிடம் நான் தினமும் சொல்வது ஒன்றுதான்: உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதாதீர்கள், படிவத்தில் எதற்கு இடம் இருக்கிறதோ அதை எழுதுங்கள். என் விஷயத்தில் அதை மறந்துவிட்டேன். மறு வாரம் ‘ஆய்வு’ என்று மாற்றி எழுதிக்கொண்டு போனேன். எந்த நிறுவனம், யார் வழிகாட்டி என்று கேட்டார். மனுவை நானே திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பொய் எழுதினால் மாட்டுவீர்கள் என்பதும் நான் தினமும் சொல்கிற பாடம்தான்.

கோபம் ஒன்றும் இல்லை. அந்தத் தீவுகளுக்குக் காவல் எதற்கு என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் பழைய வீடுகளின் சுவரில் இருக்கிற சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பவளப் பாறையை வள்ளம் வள்ளமாக வெட்டி எடுத்து வந்து சுட்ட காலம் ஒன்று இருந்தது. அப்படி வெட்டி வெட்டியே பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்று இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. காகிதத்தில் 21 என்று எழுதினாலும் வெளியே தலை தெரிவது அவை போக மீதிதான். கணக்கில் இருந்து கண்ணில் இல்லாத சர்வே எண்கள் எனக்குப் பழக்கம், ஆனால் தீவே அப்படிப் போனது கொஞ்சம் உறைத்தது.

தீவு இல்லை என்று ஆனதும் கரைக்குத் தயாரானேன். கரையில் நடக்க யாரிடம் அனுமதி கேட்பது? அதற்கென்று ஒரு படிவம் என் கைக்குக் கிடைக்கவில்லை. இருந்தாலும் பழக்க தோஷம், ‘தகவலுக்காக’ என்று இரண்டு கடிதம் எழுதிக் காவல் நிலையத்தில் ஒன்று, கடலோரக் காவலில் ஒன்று கொடுத்து, நகலில் ‘பெறப்பட்டது’ முத்திரை வாங்கிக்கொண்டேன். ஆதார் நகல் ஆறு. சொந்தக் கடை என்பதால் அதற்குச் செலவு இல்லை.

2025 பிப்ரவரி இரண்டாம் வாரம் கிளம்பினேன். வாடைக் காற்று ஓய்ந்து கச்சான் காற்று இன்னும் பிறக்காத சமயம். கச்சான் கிளம்பிவிட்டால் மன்னார் வளைகுடாப் பக்கம் மணல் முகத்தில் அறையும், நடக்க முடியாது. வாலிநோக்கத்தில் பஸ் விட்டு இறங்கி, உப்பள வரப்புகளைத் தாண்டிக் கடலோரம் வந்தபோது மணி ஆறரை. பாத்தி ஓரத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து என் முதுகுப் பையைப் பார்த்தார்.

“சர்வேயாண்ணே?”

“இல்லண்ணே. சும்மா நடக்குறேன்.”

“எதுக்கு?”

இந்த ‘எதுக்கு’ அடுத்த ஏழு நாளும் என்னை விடவில்லை. ஏர்வாடியில் நேர்ச்சையா என்று கேட்டார்கள். தர்காவுக்கு எங்கெங்கிருந்தோ நடந்து வருகிறவர்கள் உண்டு, அதனால் அங்கே தலையாட்டிவிட்டேன். படுக்க இடமும் சோறும் கிடைத்தது. சேதுக்கரையில் முன்னோர் காரியமா என்றார்கள். ஒரு ஊரில் எந்தக் கட்சி என்றார்கள். இன்னொரு ஊரில் டீக்கடைக்காரர் ரொம்ப மெதுவாக, “வீட்டுல எதுவும் பிரச்சினையா தம்பி?” என்றார். நேர்ச்சை, திதி, சர்வே, கட்சி, குடும்பச் சண்டை. சட்டத்தில் இருந்தது ஐந்து காரணம், கரையிலும் ஐந்து. ‘சும்மா’ இரண்டு பட்டியலிலும் இல்லை.

நடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், யாராவது கிளம்பினால் உதவும். ஷூ போடாதீர்கள். முதல் நாளே உள்ளே மணல் புகுந்து இரண்டு சுண்டுவிரலும் கொப்பளித்துவிட்டது. ஏர்வாடியில் ரப்பர் செருப்பு வாங்கி, மீதி வழியெல்லாம் அதிலும் வெறுங்காலிலுமாக நடந்தேன். தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் ஈர மணலில் நடந்தால் மணிக்கு நான்கு கிலோமீட்டர் போகலாம், காய்ந்த மணலில் அதில் பாதி. சில இடங்களில் சீமைக்கருவேல் கடல் வரைக்கும் வந்து நிற்கும், ஊருக்குள் சுற்றித்தான் போக வேண்டும். பத்து மணிக்கு மேல் நடக்காதீர்கள். பனங்காட்டில் நிழல் என்று ஏதோ இருக்கும், வெயில் நகர நகர நாமும் அதோடு நகர்ந்து படுக்க வேண்டும்.

இரண்டாம் நாள், ஏர்வாடிக்கும் கீழக்கரைக்கும் நடுவில் ஒரு கரையில் பாசி எடுக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர் அப்போதுதான் வள்ளத்திலிருந்து இறங்கியிருந்தார்கள். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. ஓர் அம்மா மணலில் உட்கார்ந்து விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகக் கிழிந்த வேட்டித் துண்டு, அதன் மேல் ரப்பர் உறை, அதன் மேல் நூல். அவிழ்த்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது. உள்ளே விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி, பாறை கீறிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக. பக்கத்தில் வலைப்பையில் மரிக்கொழுந்துப் பாசி. மணக்கிற அந்தக் கொழுந்தை நினைத்துக்கொண்டு மோந்து பார்த்தேன், கடல் வாடைதான் அடித்தது.

அவரிடம் என் மனுக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

“தீவுல ராத் தங்கவா? எங்க ஆத்தா காலத்துல நாங்க வாரக் கணக்குல அங்கதான் கெடப்போம். அங்கயே சோறாக்கி, அங்கயே பாசிய காயப் போட்டு. இப்ப கால வைக்கக் கூடாது. தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டே எடுக்குறோம்.”

தண்ணீரிலும் எல்லை உண்டு. பூங்கா என்பது தீவு மட்டும் இல்லை, அதைச் சுற்றிக் கரைப்பக்கம் மூன்றரை பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) ஆழம் வரைக்கும், வெளிப்பக்கம் ஐந்து பாகம் வரைக்கும் உள்ள கடலும் சேர்த்தி. சட்டம் பேசுகிற அளவும் பாகம்தான், மீனவர் கயிறு விட்டு அளப்பதும் பாகம்தான். ஆனால் தலையைத் தண்ணீருக்குள் விட்டுப் பாசி பறிக்கிறவர் மூன்று பாகத்தில் இருக்கிறாரா நான்கில் இருக்கிறாரா என்பதை மேலே படகில் வருகிறவர்தான் சொல்ல வேண்டும்.

“நீ மனு எழுதுறவன்தானே, எங்களுக்கு ஒண்ணு எழுதிக் குடேன்” என்றார்.

“எழுதலாம்மா. நோக்கம்னு ஒரு எடம் இருக்கும். என்ன போட?”

“பொழப்புன்னு போடு.”

பையிலிருந்து நோட்டை எடுத்து அங்கேயே எழுத ஆரம்பித்தேன். நான்கு வரி தாண்டவில்லை. சட்டப் பட்டியலில் ‘அங்கே குடியிருப்பவரோடு வேலை’ என்பதுதான் கொஞ்சமாவது கிட்டே வரும், தீவில்தான் யாரும் குடியில்லையே. அந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “முடியாதுன்னா விட்ருப்பா, வெயிலு ஏறுது” என்று எழுந்துவிட்டார். போகும்போது, மாசத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பன்னிரண்டு நாள் மட்டும் கடலில் இறங்குவது என்று ஊர்ப் பெண்களே கூடிப் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாட்டைச் சொன்னார். அதற்கு எந்தக் காகிதமும் கிடையாது. அந்த நான்கு வரி இன்னும் என் நோட்டில் இருக்கிறது.

கீழக்கரையில் பள்ளிக்கூடச் சிநேகிதன் வீடு. அவன் வாப்பா என் காலைப் பார்த்துவிட்டு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தார், அவர்கள் வீட்டில் கிண்டிய தொதலை ஒரு டப்பாவில் அடைத்தும் கொடுத்தார். கரடி இல்லாத ஊரில் என் சாப்பாட்டு டப்பா அதுதான். தேங்காய்ப்பால், அரிசிமாவு, சர்க்கரை, நெய். ஐந்து நாள் கெடவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரிதான் வினை. பெரியபட்டினம் தாண்டிக் கரையில் ஒரு வலைக் கொட்டகை. அங்கே வலை கட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்துபோய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தார். மூன்று பேரும் ஊர், தெரு, அப்பா பெயர், கடை எங்கே, அந்தக் கடைக்குப் பக்கத்துக் கடை எது என்று விசாரித்தார்கள். கடைசியில் மூன்றாமவர், “இவரு எங்க மச்சினனுக்கு வாரிசுச் சர்டிபிகேட்டு எழுதிக் குடுத்தவரு” என்றார். அதோடு முடிந்தது. குழம்பும் சோறும் வந்தது.

ராத்திரி ஒரு மணி இருக்கும், முகத்தில் டார்ச் வெளிச்சம். ரோந்து வந்த கடலோரக் காவலர் இரண்டு பேர். இந்தக் கரையில் ராத்திரி பையோடு படுத்திருப்பவனைச் சந்தேகப்படாவிட்டால்தான் தப்பு. கடல் அட்டையும் பீடி இலையும் மஞ்சளும் இங்கிருந்துதான் இலங்கைக்குக் கடத்தப்படுகிறது, செய்தித்தாளில் வாரம் ஒரு படமாவது வரும். முத்திரை போட்ட நகலை நீட்டினேன். அவர் அதை டார்ச்சில் முழுக்கப் படித்தார்.

“நடக்குறதா தகவல் குடுத்திருக்கீங்க. படுக்குறதா குடுக்கலையே?”

மனுக்காரனுக்கு இதைவிடப் பெரிய அடி இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் கொட்டகைக்குள்ளிருந்து பெரியவர் குரல்: “நம்மாளுதான் சார், விடுங்க.” பையைத் திறந்து பார்த்தார்கள். தொதல் டப்பாவைத் திறந்து மோந்தும் பார்த்தார்கள். “பாத்துப் போங்க, எதுனாலும் 1093க்குக் கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுக் கரையோடு நடந்து போய்விட்டார்கள். பெரியவர் திரும்பிப் படுத்தபடி, “அந்தக் காயிதத்த மொதல்லயே எங்கிட்ட காட்டியிருந்தா ஒன்னிய சேத்திருக்க மாட்டேன்” என்றார். ஏன் என்று கேட்டேன். அதற்குள் குறட்டை வந்துவிட்டது.

புதுமடம், வேதாளை, மண்டபம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, கால் வலியைத் தவிர. ஐந்தாம் நாள் காலையில் பாம்பன் பாலம். 1988இல் திறந்த ரோட்டுப் பாலத்தில் நடந்தேன். கீழே 1914ஆம் வருடத்துப் பழைய ரயில் பாலமும், பக்கத்தில் வண்டி ஓடக் காத்திருந்த புதுப் பாலமும். 2022 டிசம்பரிலிருந்து அப்போது வரை ராமேஸ்வரத்துக்கு ரயில் இல்லை, மண்டபத்தோடு சரி. நான் நடந்த இரண்டாம் மாதம், ஏப்ரல் 6ஆம் தேதி புதுப் பாலம் திறந்தார்கள். பாலத்தின் நடுவில் காற்று செருப்பைக் கழற்றிக்கொண்டு போகப் பார்த்தது. லாரி போகும்போதெல்லாம் பாலம் அதிர்வது வெறுங்காலில் நன்றாகத் தெரியும்.

பாம்பனிலிருந்து குந்துகால் போனேன். 1897இல் விவேகானந்தர் வந்து இறங்கிய இடம். அங்கிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகு விடுகிறார்கள். ஆதார் நகலில் ஒன்று கடைசியில் அங்கேதான் உதவியது. டிக்கெட், லைஃப் ஜாக்கெட், கூட ஒரு வழிகாட்டி. நான்கு மாதம் மனு எழுதிக் கிடைக்காத தீவுக்கு ஒரு குடும்பத்தின் மூன்று பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தேன். வழிகாட்டி உற்சாகமாகப் பேசினார். முதுகெலும்பு உள்ளவைக்கும் இல்லாதவைக்கும் நடுவில் நிற்கிற பலனோகுளோசஸ் என்ற புழு இந்தத் தீவில் இருப்பதால் உலகமெங்கும் விலங்கியல் படிக்கிறவர்களுக்குக் குருசடை தெரியும் என்றார். அந்தப் புழுவை நான் பார்க்கவில்லை. ஓர் இடத்தில் மணல் சுத்தமாக, நிழலாக, படுக்க அருமையாக இருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டே நின்றேன். படகுக்கு நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டார்கள்.

கடைசி நாள் ராமேஸ்வரத்திலிருந்து விடியும் முன்பே கிளம்பினேன். கோதண்டராமர் கோவில் பக்கம் தேங்கிய நீரில் பூநாரைகள், எண்ண முடியாத கூட்டம், எல்லாம் தலையைத் தண்ணீரில் கவிழ்த்துக்கொண்டு. ஓரமாக வரம்பில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தேன். அந்த ஜூனில் தனுஷ்கோடிப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். ஆகவே அந்த வரம்பில் இனி என்னை நம்பி இறங்காதீர்கள், கேட்டுக்கொண்டு போங்கள்.

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்கு மிஞ்சிய தேவாலயச் சுவரைத் தாண்டி, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பெண் மணலைத் தோண்டிய ஊத்துக்குள் இறங்கி நின்று சிரட்டையால் குடத்துக்கு நீர் மொண்டுகொண்டிருந்தார். குடிக்கக் கேட்டேன். சிரட்டையையே நீட்டினார். உப்பு என்று ஒரு பொட்டுகூட இல்லை. இரண்டு பக்கமும் கடல், நடுவில் நாலு அடி ஆழத்தில் இந்தத் தண்ணீர். இன்னொரு சிரட்டை கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அரிச்சல்முனை போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தே கால். இடது பக்கம், பெண் கடல் என்று இங்கே சொல்கிற அமைதியான வங்கக் கடல் தூங்கிக்கொண்டிருந்தது, வலது பக்கம் ஆண் கடல் என்கிற மன்னார் வளைகுடா வழக்கம்போல இரைந்துகொண்டிருந்தது. செல்போன் 106 கிலோமீட்டர் என்று காட்டியது. அக்கா மகனுக்குப் படம் அனுப்ப சிக்னல் தேடிக்கொண்டிருந்தபோது விசில் சத்தம். ஆறு மணிக்கு மேல் அங்கே யாரும் இருக்கக் கூடாது. போலீஸ்காரர் எல்லாரையும் வண்டிக்கு விரட்டிக்கொண்டிருந்தார்.

“சார், நான் நடந்தே வந்தேன். தனுஷ்கோடி வரைக்கும் நடந்தே போயிர்றேன்.”

“நடக்கக் கூடாது. இருட்டப் போகுது, பஸ்ல ஏறுங்க.”

ஏழு நாளில் அவர் ஒருவர்தான் எதுக்கு என்று கேட்கவில்லை. பஸ்ஸில் நல்ல கூட்டம். ராமேஸ்வரம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.